பனங்கூடலுக்குத் தீ வைக்கலாமா? புளோரிடாவின் பைனஸ்–பனை நிலமும் எங்கள் வன்னியும்

முழங்காவில் வாசகர் – 2024 யூன் 18

புளோரிடாவில் பைனஸ் என்ற ஊசியிலை மரமும் பனையும் கலந்து வளரும் நிலங்களுக்கு ஆட்கள் வேண்டுமென்றே தீ வைக்கிறார்கள் என்றும், வைக்காவிட்டால்தான் அந்தக் காடு கெட்டுப்போகும் என்றும் ஒரு காணொளியில் பார்த்தேன். எங்கள் வளவுக்குப் பின்னால் இருக்கும் பனங்கூடல் வடலியும் காவோலையும் பற்றையும் மண்டி உள்ளே கால் வைக்க முடியாமல் கிடக்கிறது. தீயால் பனை சாகாது என்று ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். அப்படியானால் நாங்களும் ஆண்டுக்கொரு தடவை கொளுத்தி விடலாம்தானே? பூநகரி அண்ணா இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

பூநகரியான் – 2024 யூன் 18, இரவு

தம்பி, வைக்க வேண்டாம். காரணங்களை ஆறுதலாக எழுதுகிறேன். சோளகக் காற்று வீசும் இந்த நாட்களில் பதிலுக்குக் காத்திராமல் யாரும் நெருப்புப் பெட்டியை எடுத்துவிடக் கூடாது என்பதால் முடிவை மட்டும் முதலில் சொல்லி வைக்கிறேன்.

பூநகரியான் – யூன் 19

காணொளியில் நீங்கள் பார்த்தது உண்மைதான். ஐக்கிய அமெரிக்காவின் தென்கிழக்குச் சமவெளியில் நீள ஊசி பைனஸ் ஒரு காலத்தில் ஏறத்தாழ 9 கோடி ஏக்கரில் பரந்திருந்தது. இன்று எஞ்சியிருப்பது அதில் இருபதில் ஒரு பங்கு அளவுதான். அந்த மரங்கள் நெருங்கி நிற்பதில்லை. ஒன்றிலிருந்து ஒன்று விலகி நிற்கும் மரங்களுக்கு அடியில் புல்லும், தரையோடு ஊர்ந்து பற்றையாகக் கிடக்கும் சோ பால்மெட்டோ என்ற குட்டைப் பனையும், ஈரப் பள்ளங்களின் ஓரத்தில் நிமிர்ந்து வளரும் சபால் பனையும் இருக்கும். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு தடவை தரைத்தீ ஓடிப் போவது அங்கே இயல்பு. தீ நின்றுபோன இடங்களில் ஓக் முதலான அகன்ற இலை மரங்கள் எழுந்து நிழல் விழுகிறது, புல் சாகிறது, பைனஸ் விதை முளைப்பதற்கு வெறுந்தரை கிடைப்பதில்லை. சில பத்தாண்டுகளில் அது வேறொரு காடாகிவிடுகிறது.

பழங்குடி மக்களும் பின்னர் வந்த மாடு வளர்ப்போரும் அந்த நிலங்களைக் கொளுத்தியே வந்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில்தான் எல்லாத் தீயையும் அணைக்க வேண்டும் என்ற கொள்கை மேலோங்கியது. காடைகளை ஆராய்ந்த ஹேர்பேர்ட் ஸ்ரொடார்ட் 1931இல் வெளியிட்ட நூலில் தீ இல்லாமல் அந்த நிலம் தன் பறவைகளை இழக்கிறது என்று எடுத்துக்காட்டினார். 1958இல் நிலத்தில் தீயின் பங்கை ஆராயும் டோல் டிம்பர்ஸ் ஆய்வு நிலையம் தொடங்கியது. அதே ஆண்டில் எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவின் பைனஸ் நிலத்தில் திட்டமிட்ட எரிப்பு ஆரம்பமானது. 1990இல் புளோரிடா மாநிலம் இதற்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. இன்று அந்த மாநிலத்தில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 20 இலட்சம் ஏக்கர் இப்படி எரிக்கப்படுகிறது. பயிற்சி பெற்றவர்கள், காற்றின் திசையும் ஈரப்பதமும் பார்த்து, முன்கூட்டித் தடுப்புப் பாதை வெட்டி, அனுமதி பெற்று எரிக்கிறார்கள். காணொளியில் நெருப்பு மட்டும் தெரியும். அதற்கு முன்னால் நடந்த வேலை தெரியாது.

பூநகரியான் – யூன் 21

ஊரார் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அது ஏன் உண்மை என்பதைப் பார்த்தால்தான் அதன் எல்லையும் தெரியும்.

நீள ஊசி பைனஸ் முளைத்தவுடன் மேலே எழுவதில்லை. சில ஆண்டுகள், சிலவேளை பத்தாண்டுக்கும் மேலாக, அது ஒரு புற்கற்றை போலத் தரையிலேயே இருந்துகொண்டு ஆணிவேரைக் கீழே இறக்குகிறது. நடுவில் இருக்கும் ஒரேயொரு மொட்டைச் சுற்றி நீண்ட ஊசிகள் அடர்ந்து நிற்கும். தீ வந்தால் ஊசி நுனிகள் எரிந்து போகும், மொட்டு தப்பிவிடும். வேர் போதிய அளவு தடித்த பிறகு ஓரிரு ஆண்டுகளில் சட்டென்று உயர்ந்து, தீ நாக்கு எட்டும் மட்டத்தைக் கடந்துவிடும்.

எங்கள் பனை இதே வித்தையை மண்ணுக்குக் கீழே செய்கிறது. பனங்கொட்டை முளைக்கும்போது முதலில் எழுவது இலை அல்ல. கொட்டையிலிருந்து ஒரு குழல் புறப்பட்டு, வளரும் முளையைத் தனக்குள் வைத்துக்கொண்டு, ஓர் அடிக்கும் மேலாக மண்ணுக்குள் இறங்குகிறது. தை மாதத்தில் பாத்தி கிண்டிக் கிழங்கு எடுத்த எவருக்கும் இது கண்ணால் கண்ட காரியம். கிழங்கை எடுக்காமல் விட்டால் முதல் ஓலை மண்ணைத் துளைத்துக்கொண்டு வரும். அதன் பிறகும் வடலி பல ஆண்டுகள் அடிமரம் இல்லாமல், குருத்தை நிலத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டுதான் நிற்கும். மேலே எத்தனை ஓலை எரிந்தாலும் குருத்து கீழே இருக்கிறது. பைனஸுக்கும் பனைக்கும் இனத்தால் ஓர் உறவும் கிடையாது. இருந்தும் இரண்டும் இளமையை நிலத்தோடு ஒடுங்கிக் கழித்துத் தீயைத் தாண்டுகின்றன.

பூநகரியான் – யூன் 21, மாலை

வளர்ந்த பனையைப் பற்றிச் சொல்ல விட்டுப்போனது. மாமரத்துக்கோ முதிரைக்கோ உயிரோட்டம் பட்டைக்கு உடனே உள்ளே ஒரு மெல்லிய வளையமாக ஓடுகிறது. அது சுற்றிவர வெந்தால் மரம் போய்விடும். பனைக்கு அந்த வளையமே இல்லை. நீரும் உணவும் போகும் நார்க்கற்றைகள் அடிமரம் முழுவதும் சிதறிக் கிடக்கின்றன. வெளிப்புறம் கரியாகினாலும் உள்ளே இருப்பவை வேலை செய்யும். ஆனால் உயிர் முழுவதும் உச்சியில் இருக்கும் ஒரு குருத்தில் அடங்கியிருக்கிறது. இதை வன்னியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எறிகணையில் தலை போன பனைகள் கண்டி வீதியோரத்தில் வெறும் தூண்களாக நின்றதைப் பார்த்தவர்கள் நாங்கள். அடிமரத்தில் சன்னங்கள் புதைந்த பனைகள் இன்றும் காய்க்கின்றன; தலை இழந்த ஒன்றுகூட மறுபடி துளிர்க்கவில்லை.

சபால் பனையும் இதே அமைப்புடையதுதான். 1776 யூன் 28 அன்று தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் பிரித்தானியக் கப்பல்கள் சுட்ட குண்டுகளை, சபால் பனைக் குற்றிகளால் கட்டிய கோட்டைச் சுவர் பிளவுபடாமல் உள்வாங்கிக்கொண்டது. அந்த மாநிலத்தின் கொடியில் இன்றும் அந்தப் பனை இருக்கிறது. அந்த மரம் பஞ்சு போன்றது. எங்கள் பனையோ வெளியில் வைரம் பாய்ந்து உள்ளே சோற்றியாக இருப்பது. ஆனாலும் பதுங்குகுழிக்கு மேலே அதைத்தான் அடுக்கினோம். அதற்காகத் தறித்த கூடல்களின் இடைவெளி இன்னும் நிரம்பவில்லை என்பதை நினைத்தால், மிஞ்சி நிற்பதற்குத் தீ வைப்பதைப் பற்றிப் பேசவே மனம் வரவில்லை.

முழங்காவில் வாசகர் – யூன் 26

அண்ணா, நீங்கள் எழுதியதெல்லாம் என் பக்கத்துக்கே வலுச் சேர்க்கிறது. வடலியும் சாகாது, வளர்ந்த பனையும் சாகாது என்றால் கொளுத்துவதில் என்ன நட்டம்?

பூநகரியான் – யூன் 27

நல்ல கேள்வி. ஒன்றைத் தாங்குவது வேறு, அது இல்லாமல் வாழ முடியாதிருப்பது வேறு. புளோரிடாவின் பைனஸ் நிலத்துக்குத் தீ தேவை. அங்குள்ள கம்பிப் புல் என்ற புல்லினம், கோடைத் தொடக்கத்தில் தீ ஓடிய பிறகுதான் நன்றாகப் பூத்து விதை கட்டுகிறது. எங்கள் பனங்கூடலில் தீக்காகக் காத்திருக்கும் செடி ஒன்றை எனக்குக் காட்டுங்கள். நான் தேடிப் பார்த்தவன்; கிடைக்கவில்லை.

காரணம் மின்னலின் காலம். புளோரிடாவில் குளிர்காலமும் வசந்தமும் வறண்டு போகும். மே, யூன் மாதங்களில் நிலம் இன்னும் காய்ந்து கிடக்கும்போதே இடி முகில்கள் எழத் தொடங்கும். காய்ந்த புல்லும் மின்னலும் ஒரே நேரத்தில் சந்திக்கின்றன. ஐக்கிய அமெரிக்காவில் மின்னல் அடர்த்தியில் முன்னிற்கும் மாநிலம் அது. வன்னியில் வைகாசி முதல் புரட்டாதி வரை வறட்சி. அந்தக் காலம் முழுவதும் சோளகக் காற்று வீசுகிறதே ஒழிய இடி முழங்குவது அரிது. இடி மின்னல் எங்களுக்குச் சித்திரையிலும் ஐப்பசியிலும் வரும். வரும்போது மழையைக் கையோடு கொண்டு வரும். ஆகவே எங்கள் காட்டில் தானாகத் தீப் பிடிப்பது மிக மிக அரிது. பாலையும் வீரையும் முதிரையும் கருங்காலியும் நிற்கும் வன்னிக் காடு தீயோடு பழகி வளர்ந்த காடல்ல. அங்கே எரிகிறதென்றால் வேட்டைக்காரரோ, மாட்டுக்கு இளம்புல் வேண்டுபவரோ, தேன் எடுப்பவரோ, காடு வெட்டி எரிப்பவரோ அதற்குப் பின்னால் இருக்கிறார். ஒதுக்குக்காட்டில் தீ வைப்பது சட்டப்படி குற்றமும் ஆகும்.

பூநகரியான் – யூலை 4

இந்தக் கிழமை, முன்பு குப்பைத் தீ பரவி எரிந்துபோன ஒரு கூடலுக்குள் நடந்து பார்த்துவிட்டு வந்தேன். எரிந்த காலத்திலும் அதைப் பார்த்திருக்கிறேன், இப்போதும் பார்த்தேன். இந்த விவாதத்தில் எனக்குச் சொல்ல இருக்கும் முக்கியமான செய்தி அங்கேதான் இருக்கிறது.

அந்தக் கூடலில் ஒரு பக்கத்து மரங்கள் சீவல் தொழிலாளர் ஏறும் மரங்கள். அவர்கள் ஏறும் மரத்தின் காவோலையையும் பன்னாடையையும் கழித்துத் தலையைத் துப்புரவாக வைத்திருப்பார்கள். மற்றப் பக்கம் நெடுங்காலமாக யாரும் தொடாத மரங்கள். காவோலைகள் மடிந்து தொங்கி அடிமரத்தைப் பாவாடை கட்டியது போலச் சுற்றியிருந்தன. தீ வந்தபோது துப்புரவான மரங்களின் அடி கறுத்தது, அவ்வளவுதான். மற்ற மரங்களில் தீ காவோலையைப் பிடித்து உச்சிக்கே ஏறிவிட்டது. அவற்றிலும் பல மாரியோடு குருத்து விட்டன. சில விடவேயில்லை. இன்று அவை தலை இழந்த பனைகளோடு சேர்ந்து நிற்கின்றன.

ஒரே நிலம், ஒரே காற்று, ஒரே தீ. வேறுபாடு கத்தி பட்ட மரமா, படாத மரமா என்பதில் மட்டுமே இருந்தது. எங்கள் முன்னோர் கூரை வேய்வதற்கும், வேலி அடைப்பதற்கும், மாட்டுக்குப் போடுவதற்கும், தோட்டத்தில் தாழ்ப்பதற்கும் ஆண்டுதோறும் ஓலை வெட்டினார்கள்; கங்குமட்டை அடுப்புக்குப் போனது; விழுந்த பழம் பாத்திக்குப் போனது. புளோரிடாவில் தீ செய்த வேலையை வன்னியில் கத்தியும் அடுப்பும் மாடும் செய்தன. அங்கே தீயை நிறுத்தியதால் எரிபொருள் குவிந்தது. இங்கே தகரக் கூரையும் முட்கம்பி வேலியும் எரிவாயு அடுப்பும் வந்து, போரால் ஆட்கள் இடம்பெயர்ந்து, ஓலை வெட்டு நின்றதால் எரிபொருள் குவிந்திருக்கிறது. தம்பியின் வளவுக்குப் பின்னால் உள்ளே போக முடியாமல் இருப்பதும் இதனால்தான். நின்றுபோனது எதுவோ அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். இங்கே நின்றுபோனது ஓலை வெட்டு.

பூநகரியான் – யூலை 5

நேற்று எழுதியதோடு சேர்க்க வேண்டிய இன்னொன்று. எரிந்த பகுதியில் இலைச்சருகு போய் மணல் வெளித்துவிட்டது. சோளகம் அந்த மணலை அள்ளிக்கொண்டு போகிறது. இடையில் நின்ற விளாத்தி, நாவல் கன்றுகள் திரும்ப வரவில்லை. அந்த வெறுமைக்குள் முதலில் வந்து குடியேறியது பாத்தீனியம் என்ற வெளிநாட்டுக் களை.

மல்லாவி வாசகர் – யூலை 9

மலைநாட்டில் வேலை செய்தபோது பைனஸ் தோட்டங்கள் ஆண்டுதோறும் எரிவதைக் கண்டிருக்கிறேன். அங்கேயும் ஆட்கள்தான் கொளுத்துகிறார்களா, அல்லது பைனஸின் குணமா?

பூநகரியான் – யூலை 10

இரண்டும்தான், ஐயா. மலைநாட்டில் நட்டது பெரும்பாலும் கரிபியன் பைனஸ். அதன் தாய்நிலம் மத்திய அமெரிக்காவும் கியூபாவும் பஹாமாசும். பெலீசின் கரையோரச் சமவெளியில் அது புல்வெளியில் விலகி நிற்க, ஈரமான இடங்களில் பால்மெட்டோப் பனை குத்துக் குத்தாக நிற்கும். அங்கேயும் தீ அடிக்கடி ஓடும். அதாவது நீங்கள் மலைநாட்டில் பார்த்த மரம் தன் ஊரில் பனைக்கும் தீக்கும் அயலவன். அதை மட்டும் பெயர்த்து வந்து, நெருக்கமாக வரிசையில் நட்டு, பிசின் நிறைந்த ஊசிச்சருகைக் குவிய விட்டால், ஒரு தீக்குச்சி போதும். வைப்பது மனிதர், ஏந்திக்கொள்வது சருகு. சிங்கராஜ வனத்தின் ஓரத்தில் பைனஸ் தோட்டத்துக்குள் இடைவெளி திறந்து உள்ளூர் மழைக்காட்டு மரக்கன்றுகளை நட்டுப் பார்த்திருக்கிறார்கள்; பைனஸின் நிழலைத் தாதியாக வைத்து அவை வளர்ந்தன. அந்த வழி எனக்குப் பிடித்திருக்கிறது.

பூநகரியான் – யூலை 23

ஈச்சையைப் பற்றி ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். எங்கள் மணல் நிலத்து ஈச்சம்பற்றைதான் சோ பால்மெட்டோவுக்கு மிக அருகில் வரும் செடி: குட்டை, பற்றையாக வளர்வது, எரிந்தாலும் வெட்டினாலும் அடியிலிருந்து துளிர்ப்பது. பால்மெட்டோவின் மட்டை ஓரம் எங்கள் பனையின் கருக்கு மட்டை போலவே அரிவாள் பல் உடையது. ஈச்சையின் பழத்தைப் பறவைகளும் மரநாயும் தின்னும். அதைப் பற்றை என்று சொல்லி இயந்திரத்தால் வழித்துத் தள்ளுவதைத்தான் இப்போது அதிகம் காண்கிறேன். தீயைவிட அது கொடிது, ஏனென்றால் வேரோடு போகிறது.

பூநகரியான் – ஓகஸ்ட் 15

காவோலையைக் கழிக்க வேண்டும் என்று யூலை 4 அன்று எழுதியதற்கு ஒரு வரம்பு போட வேண்டும். நேற்று மாலை கூடலுக்கு மேலே பனை உழவாரன்கள் சுற்றிக்கொண்டிருந்தன. இந்தச் சிறு பறவை தன் உமிழ்நீரால் இறகுகளை ஒட்டிப் பனையோலையின் அடிப்புறத்தில் கூடு அமைத்து, முட்டையையும் அதே பசையால் ஒட்டி வைக்கிறது. பனை இல்லாவிட்டால் அது இல்லை என்று சொல்லுமளவுக்குப் பனையோடு பிணைந்தது. தூக்கணாங்குருவியும் ஓலை நுனியில்தான் தொங்கவிடுகிறது. புளோரிடாவில் மஞ்சள் வௌவால் ஒன்று சபால் பனையின் தொங்கும் காவோலைக்குள் பகலைக் கழிக்கிறது. நகரங்களில் அழகுக்காகப் பனையை முற்றாக மழிக்க வேண்டாம் என்று அங்குள்ள ஆய்வாளர்கள் கேட்டுக்கொள்வது அதனால்தான். ஆகவே எல்லா மரத்தையும் மழிப்பது சரியன்று.

அதே மட்டை இடுக்குகளில் பறவை போட்ட விதையிலிருந்து ஆலும் அரசும் முளைத்துப் பனையைச் சுற்றிக்கொள்வதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். புளோரிடாவில் சபால் பனையை இதேபோல் ஓர் அத்தியினம் சுற்றி வளைக்கிறது. பனைக்கு அது நல்லதல்ல. ஆனால் நாளை நூறு பறவைக்குப் பழம் தரப்போகிறது. நான் அப்படிப்பட்ட மரத்தைத் தொடுவதில்லை.

பூநகரியான் – ஓகஸ்ட் 29

இப்போது பனம்பழம் விழும் காலம். காட்டோரக் கூடல்களுக்கு யானை வரும். பழத்தைத் தின்று கொட்டையைத் தொலைவில் இலத்தியோடு போட்டுவிட்டுப் போகும். காட்டு நடுவில் தனியாக நிற்கும் சில பனைகளுக்கு அதுவே காரணமாக இருக்கலாம். மற்றவை பெரும்பாலும் பழைய குடியிருப்பின் அடையாளம். பனையும் புளியும் இலுப்பையும் சேர்ந்து நின்றால் அங்கே ஒரு காலத்தில் அடுப்பு எரிந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். எங்கள் கூடல்கள் மனிதரோடு வளர்ந்தவை என்பதற்கு இதுவும் சான்று. கொட்டைகள் நிலத்தின்மேல் கிடக்கும் இந்த நாட்களில் தீ ஓடினால் அடுத்த தலைமுறை வடலி அங்கேயே வெந்துபோகும். மண்ணுக்குள் முளை இறங்கிய பிறகுதான் அதற்குப் பாதுகாப்பு.

பூநகரியான் – நவம்பர் 3

செய்தி ஒன்று. செங்கன்ன மரங்கொத்தி என்று நான் தமிழில் எழுதும் அமெரிக்கத் தென்கிழக்குப் பறவை, உயிருள்ள முதிய பைனஸில் மட்டும் பொந்து குடைந்து வாழ்வது, 1970இல் அழியும் ஆபத்திலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டிருந்தது. சென்ற மாதம், 2024 ஒக்டோபரில், அதன் நிலையை ஒரு படி இறக்கி அச்சுறுத்தலுக்கு உள்ளான இனம் என்று மாற்றியிருக்கிறார்கள். செயற்கைப் பொந்துகளும் இடைவிடாத திட்டமிட்ட எரிப்பும் அதற்குத் துணை நின்றன. தீ அவர்களுடைய நிலத்தில் எவ்வளவு நன்மை செய்திருக்கிறது என்பதை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்த நன்மை அந்த நிலத்துக்கு உரியது.

முழங்காவில் வாசகர் – 2025 யூன் 2

அண்ணா, கொளுத்தவில்லை. மாரியில் ஒன்றும் செய்ய முடியவில்லை. இப்போது வெட்டத் தொடங்கப் போகிறேன். எங்கேயிருந்து தொடங்குவது?

பூநகரியான் – 2025 யூன் 3

முதலில், அந்தக் கூடல் கண்ணிவெடி அகற்றி உறுதி செய்யப்பட்ட நிலமா என்பதை ஊரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அப்படி உறுதி செய்த இடத்திலும் மண்ணைக் கிளறும் வேலை வேண்டாம். சந்தேகமான பொருள் கண்ணில் பட்டால் தொடாமல் வெளியே வந்து அறிவியுங்கள். சருகுத் தீயின் சூட்டிலேயே வெடிக்கக்கூடியவை எங்கள் மண்ணில் இன்னும் கிடக்கின்றன. தீ வேண்டாம் என்று சென்ற ஆண்டு நான் முதலில் எழுதியபோது மனதில் இருந்த காரணங்களில் இதுவும் ஒன்று.

வீட்டுப் பக்கத்து விளிம்பிலிருந்து தொடங்குங்கள். ஆளுயரத்துக்குள் தொங்கும் காவோலையையும் அடியில் குவிந்திருக்கும் கங்குமட்டையையும் எடுத்தாலே தீ மேலே ஏறும் ஏணி போய்விடும். உச்சிக்கு ஏறுவதற்குப் பழக்கமுள்ள சீவல் தொழிலாளரை அழைத்துக் கூலி கொடுங்கள். தலை கழிக்கும்போது பச்சோலையை முற்றாக வெட்ட விடாதீர்கள், குருத்தைச் சுற்றி நிறைய விட்டுவைக்க வேண்டும். கூடலின் நடுவில் உழவாரன் வந்து போகும் மரங்களை அடையாளம் வைத்து அப்படியே விடுங்கள். அவற்றைச் சுற்றித் தரையை மட்டும் துப்புரவாக வைத்தால் போதும். நெருங்கி முளைத்த வடலிகளில் நலிந்தவற்றை எடுக்கலாம், ஆனால் ஐந்தாறு அகவையில் நன்றாக நிற்பதை எடுக்க வேண்டாம். பெரிய பனையைத் தறிப்பதற்கு அனுமதி தேவை என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

வெட்டிய ஓலையைக் குவித்து எரிக்காமல் தென்னைக்கோ மாவுக்கோ அடியில் தாழுங்கள். மணல் நிலத்தில் ஈரம் நிற்க அதைவிட நல்ல பொருள் எங்களிடம் இல்லை. மிஞ்சினால் சொல்லுங்கள், இங்கே வேலி அடைக்க ஓலை தேடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள், லான்ட்மாஸ்டரோடு (இரு சில்லு உழவு இயந்திரம்) வந்து ஏற்றிக்கொள்வார்கள்.